முரசைப் பாருங்கள், குளிசையை நிறுத்தாதீர்கள்

கல்லடியில் எங்கள் வீட்டு நாய் மணிக்கு, உடலே தன் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் நோய். அடங்கும், பிறகு சொல்லாமல் திரும்பி வரும். அதை முதலில் காட்டிக்கொடுப்பது முரசுதான், அதாவது பல் ஈறு. தினமும் காலையில் முற்றத்து வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். மின்குமிழ் வெளிச்சம் ஏமாற்றும். இளஞ்சிவப்பு என்றால் நிம்மதி. முரசு வெளுத்தாலோ மஞ்சளித்தாலோ, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனாலோ அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். முரசு கறுத்த நாய் என்றால் கீழிமையின் உட்புறத்தைப் பாருங்கள்.

இந்த நோயை அடக்கும் மருந்தான பிரெட்னிசொலோன் குளிசையைச் சாப்பாட்டோடு கொடுங்கள். நாய் துள்ளி விளையாடுகிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நான் ஒருமுறை செய்த மடைத்தனம் அது. அளவை வைத்தியர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும். அது மருந்தின் வேலை. தண்ணீர்ச் சட்டியை எடுத்து ஒளித்துவைக்காதீர்கள். மனிதருக்கான வலிக்குளிசை மட்டும் வேண்டவே வேண்டாம்.

உண்ணி பரப்பும் காய்ச்சலும் இந்த நோயைக் கிளப்பிவிடும். மாலையில் காது மடிப்பையும் விரலிடுக்கையும் தடவிப் பாருங்கள். நேற்றும் மணியின் காதுக்குள் ஒன்று இருந்தது, மிளகளவில்.