ஐம்புலன் ஆங்கிலம்: ஒரு கிளாஸ் ஜிகர்தண்டா போதும்

சைட், ஹியரிங், ஸ்மெல், டேஸ்ட், டச். இந்த ஐந்து பெயர்களை ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் வெறும் பெயரை வைத்துப் பேச முடியாது, வினைச்சொல் வேண்டும். நாம் வழுக்குவதும் அங்கேதான். 40 பக்க நோட்டு ஒன்றும் நாளுக்கு இருபது நிமிடமும் இருந்தால் ஒரு வாரத்தில் சரிசெய்யலாம்.

படி 1: ‘பார்’, ‘கேள்’ இரண்டையும் உடையுங்கள்

முதல் இரண்டு நாளும் இதற்கே. நோட்டின் நடுவில் ‘பார்’ என்று எழுதி மூன்று கோடு இழுங்கள். மதுரை ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் யானைமலை தானாகக் கண்ணில் படுகிறது, அது ‘ஸீ’. “அங்க பாருடா” என்று கை நீட்டினால் ‘லுக் அட்’. அழகர் ஆற்றில் இறங்குவதைக் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் ‘வாட்ச்’.

‘மலையைப் பார்’ என்பதில் ‘ஐ’ உருபு வேலையை முடித்துவிடுவதால் ஆங்கிலத்தில் ‘அட்’டை மறந்துவிடுகிறோம். ‘லுக் த ஹில்’ தவறு, ‘லுக் அட் த ஹில்’ சரி.

‘கேள்’ இன்னும் மோசம். மாட்டுத்தாவணியில் ஹாரன் சத்தம் காதில் விழுந்தால் ‘ஹியர்’. கண்டக்டர் ஊர்ப்பெயர் கூவுவதைக் காது கொடுத்துக் கேட்டால் ‘லிஸன் டு’. அவரிடமே “திருமங்கலம் போகுமாண்ணே?” என்று கேட்டால் ‘ஆஸ்க்’. இந்த மூன்றுக்கும் நாளுக்கு மூன்று வாக்கியம் சொந்தமாக எழுதுங்கள்.

படி 2: ‘இங்’ போடாதீர்கள்

‘வாசம் அடிக்குது’ என்பதை ‘ஐ ஆம் ஸ்மெல்லிங் ஜாஸ்மின்’ என்று மாற்றினால், பூவை மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டிருப்பதாக அர்த்தமாகும். வாசம் தானாக வந்தால் ‘ஐ கேன் ஸ்மெல் ஜாஸ்மின்’. ‘கேன் ஸீ’, ‘கேன் ஹியர்’ எல்லாம் இதே அச்சுதான்.

பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்ல: லுக்ஸ், சவுண்ட்ஸ், ஸ்மெல்ஸ், டேஸ்ட்ஸ், ஃபீல்ஸ். தொடு உணர்வுக்கு ‘டச்சஸ்’ வராது என்பதைக் கவனியுங்கள். இவற்றின் பின்னால் ‘குட்’ வரும், ‘வெல்’ வராது. பெயர்ச்சொல் வந்தால் நடுவில் ‘லைக்’ சேருங்கள்: ‘த ஹில் லுக்ஸ் லைக் அன் எலிஃபன்ட்’.

படி 3: சுவை

இனிப்பு ஸ்வீட், புளிப்பு ஸவர், உப்பு ஸால்ட்டி, கசப்பு பிட்டர். உச்சரிப்பு கொஞ்சம் நழுவினால் ‘பிட்டர்’ ‘பட்டர்’ ஆகும், பாகற்காய் வெண்ணெய் ஆகிவிடும். கறிதோசையை ‘ஹாட்’ என்றால் சூடா, காரமா என்று எதிராளி குழம்புவார். காரத்துக்கு ‘ஸ்பைசி’ என்றே சொல்லுங்கள். துவர்ப்புக்கு ‘அஸ்ட்ரிஞ்சன்ட்’ உண்டு, ஆனால் சாதாரணப் பேச்சில் அதிகம் வராது. வாழைப்பூவைப் பற்றிப் பேச ‘இட் மேக்ஸ் மை மவுத் ட்ரை’ போதும். சப்பென்றிருந்தால் ‘ப்ளாண்ட்’ (bland).

படி 4: வாசனையும் தொடுதலும்

‘யூ ஸ்மெல்’ என்று மட்டும் நிறுத்தினால் ‘உன்மேல் நாறுது’ என்று அர்த்தம். பாராட்ட நினைத்தால் ‘யூ ஸ்மெல் நைஸ்’ என்று முடித்துவிடுங்கள். (பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணமும்தான், அந்தச் சொல் நம்மிடம் இறங்கிப்போன கதை வேறு.)

துவைத்துப் பழகிய சுங்குடிச் சேலை ஸாஃப்ட், புளி ஸ்டிக்கி, ஆட்டுக்கல் ரஃப். ‘ரஃப்’ எழுதும்போது கடைசியில் எஃப் கிடையாது; ஆர், ஓ, யூ, ஜி, ஹெச்.

படி 5: கிளாஸைக் கையில் எடுங்கள்

ஏழாம் நாள் நோட்டை மூடிவிட்டு ஒரு ஜிகர்தண்டா வாங்குங்கள். குடித்து முடிப்பதற்குள் ஐந்து வாக்கியம், வாய்விட்டு. ‘இட் லுக்ஸ் க்ரீமி.’ ‘த கிளாஸ் ஃபீல்ஸ் கோல்ட்.’ ‘இட் டேஸ்ட்ஸ் ஸ்வீட்.’ அதில் ஊற்றிய நன்னாரி சர்பத்துக்கு ‘இட் ஸ்மெல்ஸ் நைஸ்.’ அடியில் கிடக்கும் பாதாம் பிசினுக்கு ‘ஸ்லிப்பரி’. இதில் காதுக்கு வேலை குறைவு; கரண்டி கிளாஸில் படும் ஓசைக்கு ‘ஐ கேன் ஹியர் த ஸ்பூன்’ சொல்லலாம். அந்த இடத்தில் ‘லிஸன்’ வாயில் வந்துவிட்டால் படி 1-ஐ மறுபடி புரட்டுங்கள்.