வரிசை வீட்டில் பேய்ப்பட இரவு: படம் தேர்வது முதல் கருத்துச் சொல்வது வரை

"நல்ல பேய்ப்படம் ஒன்னு சொல்லுங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பாருங்கள். பெயர்கள் மளமளவென்று வந்து விழும். யாரோடு பார்க்கப் போகிறீர்கள், எந்த வீட்டில், எத்தனை மணிக்கு என்று மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். திரையரங்கில் அலறவைத்த படம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்பு) வீட்டுக் கூடத்தில் சப்பென்று போவதற்குக் காரணம் இதுதான். பயத்தில் பாதியைப் படம் தருகிறது, மீதியை அறைதான் தரவேண்டும். சிங்க் தகரக் கூரையும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரும் உள்ள நம் வீடுகளில் அந்த மீதியைக் கொஞ்சம் பாடுபட்டுத்தான் உண்டாக்க வேண்டும்.

கீழே உள்ள முறை, சொந்தக்காரர்களும் கூட்டாளிகளுமாக எட்டுப் பேர் வரை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்கு. கோயில் மண்டபத்திலோ தோட்டத்துச் சபையிலோ ஊர்கூடிப் பார்ப்பது வேறு வேலை. அதற்குப் படத்தின் உரிமையாளரிடம் திரையிடும் அனுமதி வாங்கவேண்டும், தணிக்கை வாரிய விதிகளும் உண்டு. மாதச் சந்தா கட்டும் ஓடிடி கணக்கு அதற்குச் செல்லாது.

படி 1: வருகிறவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

படத்தைத் தேடுவதற்கு முன்னால் ஆட்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இதுவரை பார்த்ததில் எந்தப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டீர்கள்? எதைத் திரையில் பார்க்கவே முடியாது?

முதல் கேள்விக்கு 'காஞ்சனா' என்று பதில் வந்தால், அவர் பயத்தோடு சிரிப்பையும் எதிர்பார்க்கிறார். 2011இல் வந்த அந்தப் படமும் 2014இல் வந்த 'அரண்மனை'யும் குடும்பத்தோடு கத்திச் சிரிப்பதற்கானவை. அந்த நினைப்பில் வருகிறவரை மெதுவாக ஊறும் படத்தின் முன் உட்காரவைத்தால் அரை மணி நேரத்தில் கைப்பேசியை எடுத்துவிடுவார். அவருடைய வெளிச்சம் மற்ற ஏழு பேரின் பயத்தையும் கெடுக்கும்.

இரண்டாவது கேள்வியை லேசாக விடாதீர்கள். ரத்தம் தாங்காதவர்கள் பலர், அது பெரிய சிக்கல் இல்லை, ரத்தமே இல்லாத நல்ல பேய்ப்படங்கள் நிறைய இருக்கின்றன. குழந்தை சாவது, பிரசவத்தில் தாய் சாவது, இவைதான் கனமானவை. மலாய்க்காரர்களின் பெண் பேயான பொந்தியானாக் கதைகளின் வேரே பிரசவத்தில் இறந்த பெண். வீட்டில் கர்ப்பிணி இருந்தாலோ, அண்மையில் அப்படியொரு இழப்பு நடந்திருந்தாலோ அந்த வகையையே ஒதுக்கிவிடுங்கள்.

பொழுது சாய்ந்தபின் அந்தப் பேயின் பேரைச் சொல்லக்கூடாது என்று பாட்டி சொன்னால் வாதம் வேண்டாம். அது அவர் வீடு. சீனர்களின் ஏழாம் மாதத்தில் தெருமேடைக் கச்சேரிகளில் முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்கென்று காலியாக விடுவதை இங்கே எல்லாரும் பார்த்திருப்போம். நம்பிக்கை உள்ளவர்கள் நடுவில்தான் பேய்ப்படம் பார்க்கிறோம் என்பது இந்த ஊர்களின் சிறப்பு, அதை மதித்துப் படத்தை மாற்றிக்கொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

சின்னப் பிள்ளைகள் அடுத்த அறையில் தூங்குவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். காட்சி தெரியாமல் அலறல் மட்டும் கேட்பது அவர்களுக்கு இன்னும் மோசம். அன்று இரவு அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

படி 2: படத்தைத் தேர்வது

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். திடுக்கிட வைப்பது வேறு, நடுங்க வைப்பது வேறு. அமைதிக்குப் பின் திடீரென்று பெரும் சத்தம் வந்தால் உடம்பு தானாகத் துள்ளும், அதற்குக் கதையே தேவையில்லை. நடுக்கம் அப்படியில்லை. வரப்போவது என்ன என்று தெரிந்தும் தடுக்கமுடியாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அது வரும். ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் பாதி விவாதங்களில் ஒருவர் முதலாவதைப் பற்றிப் பேசுவார், மற்றவர் இரண்டாவதைப் பற்றிப் பேசுவார்.

புதியவர்கள் இருக்கும் கூட்டத்துக்கு எங்கள் முதல் பரிந்துரை 'யாவரும் நலம்' (2009, விக்ரம் கே. குமார்). புது வீட்டுக்குக் குடிபோகும் குடும்பம், தினமும் ஒரு நேரத்தில் ஓடும் தொலைக்காட்சித் தொடர், அந்தத் தொடரில் நடப்பது வீட்டிலும் நடக்கிறது. சாயங்காலம் தொடர் பார்க்காத தமிழ் வீடு எது? பாழடைந்த பங்களாவைக் காட்டாமல் கூடத்தில் இருக்கும் டிவியையே பயப்படும் பொருளாக மாற்றியதால்தான் இது வீட்டில் பார்க்க அவ்வளவு பொருத்தம். அதே ஆண்டில் வந்த அறிவழகனின் 'ஈரம்' அடுத்தது. தண்ணீரையே பேயின் நடமாட்டமாக ஆக்கிய படம். மழை பெய்து ஓய்ந்த இரவு கிடைத்தால் இதைத்தான் போடவேண்டும்.

கொஞ்சம் பழகியவர்களுக்கு 'பீட்சா' (2012, கார்த்திக் சுப்புராஜ்). இருட்டு வீடு, கையில் ஒரு டார்ச்லைட், விஜய் சேதுபதியின் முகம். இதை ஏற்கனவே பார்த்தவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தாலும் போடாதீர்கள், எப்படியும் வாயை விட்டுவிடுவார். 'டிமான்டி காலனி' (2015, அஜய் ஞானமுத்து) இளைஞர் கூட்டத்துக்கு நன்றாக எடுபடும், ஏனென்றால் படத்திலும் நண்பர்கள்தான் ஓர் அறைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். மிஷ்கினின் 'பிசாசு' (2014) படத்தைப் பயப்படுவதற்காக என்று சொல்லிப் போடாதீர்கள். அது துக்கத்தைப் பற்றிய படம். அழத் தயாராக இருப்பவர்களோடு பாருங்கள்.

மலாய்ப் படங்களைத் தமிழ் ரசிகர்கள் போதிய அளவு பார்ப்பதில்லை என்பது எங்கள் ஆதங்கம். இந்த வகையின் தொடக்கத்திலேயே இந்தியாவிலிருந்து வந்தவர்களின் கை இருக்கிறது. 1957இல் மரியா மெனாடோ நடித்த 'பொந்தியானாக்' படத்தை இயக்கியவர் பி.என். ராவ். 1958இல் 'ஓராங் மிஞ்ஞாக்' படத்தை எடுத்தவர் எல். கிருஷ்ணன். ராவின் அந்த முதல் படத்துக்கு இன்று பிரதி கிடைப்பதில்லை, 1958இல் வந்த 'சும்பா பொந்தியானாக்' பிழைத்திருக்கிறது. புதியதில் தொடங்க வேண்டுமானால் எமிர் எஸ்வானின் 'ரோ'. காட்டோரக் குடிசையில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும், காட்டிலிருந்து வந்து சேரும் ஒரு சிறுமி, அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆஸ்கார் போட்டிக்கு மலேசியா அனுப்பிவைத்த படம் அது. செம்பனைக் காட்டை ஒட்டி வீடு இருப்பவர்கள் முடிந்ததும் சன்னலைப் பார்க்கவே தயங்குவார்கள்.

ஒரே இரவில் இரண்டு படம் வேண்டாம். முதல் படத்தில் களைத்துப்போன உடம்பு இரண்டாவதற்குத் துள்ளாது, பிறகு அந்த இரண்டாவது படம் மோசம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவோம்.

படி 3: நாளும் நேரமும்

சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு) போகவேண்டியவர்களைத் தூக்கம் கெடுத்து உட்காரவைக்கக்கூடாது என்பது ஒரு காரணம். மழை இன்னொரு காரணம். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலும் சாயங்காலமும் இடியோடு கொட்டும். ஒன்பது மணிக்குப் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அப்போதும் விடாமல் பெய்தால் படத்தை மாற்றுங்கள்: சிங்க் கூரையில் மழை விழும்போது கிசுகிசுப்பான வசனம் எதுவும் காதில் விழாது, அதனால் வசன எழுத்து உள்ள வேற்றுமொழிப் படம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். தாய்லாந்தின் 'ஷட்டர்' (2004) இதற்குத் தோதானது. தமிழில் 'சிவி'யாக வந்த கதைதான், மூலம் இன்னும் இறுக்கமானது.

இணையம் மழையில் தடுமாறும். படத்தை முதல் நாளே தரவிறக்கி வையுங்கள். ஆனால் பல செயலிகள் தரவிறக்கிய படத்தைக் கைப்பேசியிலிருந்து டிவிக்கு அனுப்ப விடமாட்டா. அதையும் முதல் நாளே ஐந்து நிமிடம் ஓட்டிச் சோதியுங்கள்.

படி 4: திரை

டிவி என்றால் படநிலையை 'சினிமா' என்பதற்கு மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அது இருந்தால் எந்தப் படமும் மெகாத்தொடர் போலத் தெரியும். இருட்டுக் காட்சி ஒன்றை நிறுத்திவைத்து வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள்: கறுப்புச் சட்டையின் மடிப்பு தெரியவேண்டும், ஆனால் அறைமூலை சாம்பல் நிறமாக வெளுக்கக்கூடாது. இருட்டில் கட்டம் கட்டமாக உடைந்தால் தரம் குறைந்த ஓட்டம் என்று அர்த்தம். 1080பி தரத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் இணைய வேகம் தேவைப்படும்.

புரொஜெக்டர் என்றால் 100 அங்குலப் படத்துக்குச் சுவரில் சுமார் 2.2 மீட்டர் அகலமும் 1.25 மீட்டர் உயரமும் காலியாக இருக்கவேண்டும். சாதாரண வகையை மூன்று மீட்டர் தள்ளி வைக்கவேண்டிவரும். போர்வையைத் தொங்கவிடுவதைவிட மினுமினுப்பில்லாத வெள்ளைச் சுவரே மேல், போர்வை மின்விசிறிக் காற்றில் ஆடும்.

பூசை அறை விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள். திரைச்சீலையை இழுத்து மறைத்தால் போதும். தெருவிளக்கு உள்ளே வரும் கண்ணாடிச் சன்னலுக்குக் கறுப்பு உரப்பையை வெட்டி ஒட்டினால் முழு இருட்டு கிடைக்கும்.

படி 5: ஒலி

நேரம் குறைவாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டுமாவது ஒழுங்காகச் செய்யுங்கள். பயம் முதலில் காதில்தான் நுழைகிறது.

'தி கான்ஜுரிங்' (2013) படத்தில் வரும் கைத்தட்டல் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் ஜேம்ஸ் வான் சரவாக்கின் கூச்சிங்கில் பிறந்தவர். கண்ணைக் கட்டிக்கொண்ட தாய் கேட்கும்போதெல்லாம் ஒளிந்திருக்கும் பிள்ளை கை தட்டவேண்டும். அந்தத் தட்டல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதில்தான் காட்சியே நிற்கிறது. டிவியின் முதுகில் உள்ள சின்ன ஒலிபெருக்கியில் எல்லாத் தட்டலும் ஒரே இடத்திலிருந்து வரும். காட்சி செத்துப்போகும்.

அதனால் இரண்டு ஒலிபெருக்கிகளாவது வேண்டும். திரையின் இரு பக்கமும், உட்கார்ந்தவர் காது உயரத்தில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். அறைமூலையில் வைத்தால் அடித்தொனி மட்டும் குமுறி வசனத்தை விழுங்கும். புளூடூத்தைத் தவிர்த்து வயரில் இணையுங்கள். புளூடூத்தில் ஒலி கொஞ்சம் பிந்தி வரலாம், கதவு மூடியபின் 'டமால்' கேட்டால் யாரும் திடுக்கிடமாட்டார்கள், சிரிப்பார்கள்.

வசனம் மெதுவாகவும் இசை காதைக் கிழிப்பதாகவும் இருக்கிறதா? பெரும்பாலும் ஆறு ஒலிபெருக்கிகளுக்கான 5.1 ஒலித்தடத்தை இரண்டு பெட்டிக்குள் திணிப்பதால் வருவது. டிவியின் ஒலி அமைப்பில் 'ஸ்டீரியோ' அல்லது 'பிசிஎம்' தேர்ந்தெடுத்தால் பெரிதும் சரியாகிவிடும். 'இரவு நிலை' என்று ஒன்று இருக்கும், அது பெரிய சத்தத்தைக் குறைத்துச் சின்னச் சத்தத்தைக் கூட்டும். பேய்ப்படத்துக்கு அது எதிரி. ஆனாலும் பொதுச்சுவருக்கு அந்தப்பக்கம் கைக்குழந்தை இருந்தால் அதைப் போட்டுத்தான் ஆகவேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்னாலேயே சொல்லிவிடுவது அதைவிட நல்லது, முடிந்தால் அவரையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள்.

ஒலி அளவு வைப்பதற்கு ஒரே விதிதான்: படத்தின் மிக மெதுவான வசனத்தை ஓடவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். சொல் புரியும் அளவில் நிறுத்துங்கள். பிறகு ரிமோட்டை எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள். சத்தமான இடத்தில் குறைத்து, மெதுவான இடத்தில் கூட்டிக்கொண்டே இருந்தால் இயக்குநர் கட்டியதை நீங்களே பிரித்துப்போடுகிறீர்கள். கடகடக்கும் மின்விசிறியை அணைத்து, நிற்கும் விசிறியை ஆட்களுக்குப் பின்னால் குறைந்த வேகத்தில் வையுங்கள்.

படி 6: ஓடும்போது

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய கச்சாங் பூத்தே கொறிப்பைப் பிளாஸ்டிக் பையோடு உள்ளே கொண்டுவராதீர்கள். அந்தச் சரசரப்பு மௌனக் காட்சியில் இடிபோலக் கேட்கும். முன்னாலேயே கிண்ணத்தில் கொட்டிவிடுங்கள். எல்லாரும் கழிவறைக்குப் போய்வந்தபின் தொடங்குங்கள், நடுவில் நிறுத்தவேண்டாம். தமிழ்ப் படத்தில் இடைவேளை வரும் இடத்தில் மட்டும் ஐந்து நிமிடம் விடலாம், அது அதற்காகவே எழுதப்பட்ட இடம். அப்போதும் விளக்கைப் போடாதீர்கள். யாராவது உண்மையிலேயே முடியாமல் எழுந்துபோனால் கேலி செய்யாமல் ஒருவர் கூடப் போங்கள்.

படி 7: கருத்துச் சொல்வது

படம் முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "ஓகே" என்றுதான் பதில் வரும். "எந்த இடத்தில் உடம்பு இறுகியது?" என்று கேளுங்கள். ஆளுக்கொரு இடம் சொல்வார்கள், அங்கேதான் பேச்சு தொடங்கும். அடுத்து, அந்த இடத்தில் என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று கேளுங்கள். பேய் முழுதாகத் தெரிந்தபின் பயம் குறைந்ததா கூடியதா என்பதில் ஒரு கூட்டம் நள்ளிரவு வரை பேசலாம்.

குழுவில் பரிந்துரை எழுதும்போது நான்கு விஷயம் போதும்: எவ்வகைப் பயம், யாரோடு பார்க்கலாம், எது சிலருக்குத் தாங்காது, எந்த மொழி. இப்படி: 'யாவரும் நலம். மெதுவாக ஊறும் பயம். பெரியவர்களோடு பார்க்கலாம். குடும்பத்துக்குள் நடக்கும் கொடூரம் உண்டு. தமிழ்.' முடிவில் திருப்பம் இருக்கிறது என்றுகூட எழுதாதீர்கள். அப்படிச் சொன்னாலே பார்ப்பவர் முதல் காட்சியிலிருந்து அதைத் தேடத் தொடங்கிவிடுவார்.

யாராவது "அந்தப் படத்தில் பயமே இல்லை" என்று எழுதினால் மறுத்துச் சண்டைக்குப் போகாமல் எதில் பார்த்தார், எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று கேளுங்கள். மத்தியானத்தில், பேருந்தில், கைப்பேசியில் என்றால் அடுத்த சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். இருட்டில், நல்ல ஒலியில் பார்த்துவிட்டும் அதையே சொன்னால் அந்தக் கருத்தை அப்படியே எழுதி வையுங்கள், அடுத்தவருக்குப் படம் சொல்லும்போது உதவும்.