ஷனெல் பாணி முத்துச்சரம்: நீங்களே கோக்கலாம்

1920களில் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனெல் காட்டிய துணிச்சல், போலி முத்தை ஒளிக்காமல் அணிந்ததுதான். அசலோடு கலந்து, சரத்தின்மேல் சரமாகப் போட்டுக்கொண்டார். கண்ணாடியை உருக்கி வார்க்கும் க்ரிப்வா பட்டறை அவருக்காக நகைகள் செய்தது. வாங்க வசதியில்லாதவரின் சமாளிப்பு என்றிருந்த ஃபேஷன் நகைக்கு அதன்பின் தனி மதிப்பு வந்தது.

ஆகவே, மணி வாங்கும்போது அசல்போல் தெரிகிறதா என்று பார்க்காதீர்கள், பெரிதாகவே எடுங்கள். 10 மி.மீ. கண்ணாடி முத்து நல்லது. பிளாஸ்டிக் எடையில்லாமல் ஆடும். சரம் ஒழுங்காகத் தொங்காது. 120 செ.மீ. சரத்துக்குச் சுமார் 110 மணிகள் வேண்டும். துளையோரம் பூச்சு உரிந்தவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து நூல். ஆறு மீட்டர் பட்டு நூலை ஊசியில் இரட்டையாகக் கோத்துக்கொள்ளுங்கள். ஒரு முடிச்சுப் போட்டுப் பாருங்கள். அது துளைக்குள் நுழைந்தால் நூல் மெல்லியது, தடித்ததாக மாற்றுங்கள்.

துளை அகலமான மூன்று மணிகளை முடிச்சில்லாமல் முதலில் கோத்து, நுனியில் 15 செ.மீ. விட்டு டேப் ஒட்டுங்கள்.

இனிதான் பொறுமை. மூன்றாவது மணியை ஒட்டித் தளர்வாக ஒரு முடிச்சுப் போடுங்கள். அந்த வளையத்துக்குள் இன்னோர் ஊசியை நுழைத்து, முடிச்சை மணியை நோக்கித் தள்ளுங்கள். மணியைத் தொட்டதும் ஊசியை உருவிக்கொண்டே நூலை இழுங்கள். சட்டென்று இழுத்தால் முடிச்சு நடுவழியில் இறுகிவிடும், பிரிப்பது பெரும்பாடு. அடுத்த மணி, மறுபடி முடிச்சு. இப்படிச் செய்தால் முத்துகள் உரசாது. நூல் அறுந்தாலும் எல்லாம் தரையில் சிதறாது.

இடையிடையே சிவப்பு, பச்சைக் கண்ணாடி மணிகளைச் சேருங்கள். சீரான இடைவெளி வேண்டாம். நகை வடிவமைப்பாளர் ஃபுல்கோ டி வெர்துரா ஷனெலுக்கு வடிவமைத்த, மால்டா சிலுவை (எட்டு முனைச் சிலுவை) பதித்த வளையல்களிலும் பல நிறக் கற்கள் நெருக்கியடித்துக்கொண்டுதான் இருக்கும்.

கடைசி மணியையும் கோத்ததும் டேப்பை எடுத்து, இரு நுனிகளையும் சேர்த்து இருமுறை முடியுங்கள். ஊசியை முதல் மூன்று மணிகளுக்குள் செலுத்தி, இடையிடையே முடிச்சிடுங்கள். மற்ற நுனியைக் கடைசி மணிக்குள் நுழையுங்கள். ஒரு சொட்டுப் பசை வைத்து, காய்ந்தபின் மிச்ச நூலை வெட்டுங்கள். கொக்கி தேவையில்லை.

கறுப்பு உடையின்மேல் இரண்டு சுற்றாகப் போடுங்கள். சென்ட் அடித்து உலர்ந்தபிறகே சரத்தைத் தொடுங்கள். முத்துப் பூச்சுக்கு அது ஆகாது.