‘காணாது, காணாது’ என்று அடிக்கிற மனதுக்கு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு பயிற்சி

மாதத்தில் இருபதாம் திகதி தாண்டினால் கொழும்பில் பாதிப் பேரின் தலைக்குள் ஒரே கணக்குத்தான் ஓடும்: வாடகை, கரண்ட் பில், பிள்ளையின் ரியூஷன் காசு. 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் இரவிரவாக வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கணக்கு இன்னும் ஆழமாக இறங்கிவிட்டது. காசு கையில் இருக்கிற நாளிலும் ‘காணாது, போதாது’ என்ற பயம் விடுவதில்லை. இந்தப் பயிற்சி அந்தப் பயத்துக்கானது. சம்பளம் உண்மையிலேயே காணாவிட்டால் கொப்பியும் பேனையும் எடுத்து வரவு செலவைத்தான் பார்க்க வேண்டும். மனம் கொஞ்சம் தெளிந்திருந்தால் அந்த வேலையும் ஒழுங்காக நடக்கும்.

படி 1: நேரத்தைப் பிடியுங்கள்

காலைத் தேத்தண்ணி நேரம் போதும். ஐந்து நிமிடம். போனை வேறு அறையில் வையுங்கள். கண்ணை மூடத் தேவையில்லை. போரைக் கடந்து வந்தவர்கள் சிலருக்குக் கண்ணை மூடியதும் வேண்டாத நினைவுகள் வரும். அப்படியானால் கண்ணைத் திறந்தபடி, கால் நிலத்தில் படுவதைக் கவனித்தாலே போதும்.

படி 2: ஒரு கோப்பைத் தேத்தண்ணி

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜோன் கபட்-சின் என்பவர் நோயாளிகளுக்காகத் தொடங்கிய மனவிழிப்புப் பயிற்சியில், அதாவது செய்கிற காரியத்திலேயே கவனத்தை வைக்கிற பயிற்சியில், ஒரு முந்திரிகை வற்றலை மெதுவாகச் சாப்பிடப் பழக்குவார்கள். நமக்கு இஞ்சி போட்ட பிளேன்ரீ இருக்கிறது. கோப்பையை இரண்டு கையாலும் பிடியுங்கள். சூடு எந்த விரலில் முதலில் தெரிகிறது? ஆவி மூக்கில் படும்போது இஞ்சி முந்துகிறதா, சாயம் முந்துகிறதா? ஒரு வாய் குடித்து, உடனே விழுங்காமல் நாக்கில் வைத்திருங்கள். கசப்பு முதலில் வரும், இஞ்சியின் காரம் பிறகு தொண்டையில் ஏறும். நடுவில் மனம் ஒஃபிசுக்கு ஓடிவிடும். ஓடட்டும், திட்டாமல் திரும்பக் கூட்டி வாருங்கள். கூட்டி வருவதுதான் பயிற்சியே.

பிறகு அந்தத் தேயிலை வந்த வழியை நினையுங்கள். 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் தொடங்கிய பெருந்தோட்டத் தேயிலை, இன்றைக்கும் பெரும்பாலும் மலையகப் பெண்களின் கையால்தான் கொழுந்து கொழுந்தாகப் பறிக்கப்படுகிறது. நம்மிடம் வந்து சேர்கிற எதுவும் தனியாக வருவதில்லை என்பது இப்படித்தான் மனதில் பதியும். அந்தக் கைகளுக்குக் கிடைக்கிற கூலி குறைவு என்பதையும் சேர்த்தே பாருங்கள். நன்றியுணர்வு அநியாயத்தை மறைக்கிற திரையாகிவிடக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

படி 3: எண்ணம் வரும்போதே பிடிப்பது

நூறாம் நம்பர் பஸ்ஸில் காலி வீதியால் போகிறீர்கள். கனடாவில் வீடு வாங்கின சிநேகிதியின் படம் போனில் வருகிறது. நெஞ்சு இறுகும், அல்லது வயிற்றில் ஏதோ புரளும். அந்த இடத்தில், ‘காணாது என்ற எண்ணம் வந்திருக்கு’ என்று மனதுக்குள் சொல்லுங்கள். மூன்று மூச்சு விடுங்கள். பிறகு கேளுங்கள்: இன்றைக்கு எனக்கு எது காணாது?

பதில் தெளிவாக வந்தால், உதாரணமாக ‘பில் கட்ட இரண்டாயிரம் ரூபா’ என்றால், அதற்கு ஒரு வழி யோசிக்கலாம். பதிலே வராவிட்டால் அது பெரும்பாலும் பழைய பயம். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரே நாளில் எல்லாம் போனதைக் கண்ட வீடுகளில், காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கும். அரிசி மூட்டை குறையவே விடமாட்டார்கள். அம்மாவிடமிருந்தோ அம்மம்மாவிடமிருந்தோ அந்தப் பயம் உங்களுக்கும் வந்திருக்கலாம். ஒரு காலத்தில் உயிரைக் காத்த பயம் அது. அதை அதட்டாதீர்கள், பக்கத்தில் இருக்க விடுங்கள்.

படி 4: கொப்பி

நன்றி சொல்லத் தோன்றுகிறவற்றைக் கிழமைக்கு ஒருநாள் எழுதினால் போதும். எமன்ஸ், மக்கலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், கிழமைக்கொருமுறை நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள், எரிச்சலூட்டியவற்றை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள். ‘குடும்பம்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். ‘மழைக்குள் பக்கத்து வீட்டு அன்ரி காயவைத்த உடுப்பை எடுத்து வைத்தா’ என்று எழுதுங்கள்.

படி 5: ஒன்றைக் கொடுங்கள்

காசாக இருக்க வேண்டியதில்லை. வேலை வெற்றிடம் ஒன்று தெரியவந்தால், அதே வேலை தேடுகிற இன்னொருவருக்கும் சொல்லுங்கள். அவருக்குக் கிடைத்தால் எனக்குப் போய்விடும் என்று மனம் முரண்டு பிடிக்கும். மூன்று மூச்சு விட்டுவிட்டு, பிறகு அனுப்புங்கள். ஐந்து படிகளிலும் கடினமானது இதுதான், ஆளை மாற்றுவதும் இதுதான்.

முதல் கிழமை படி 1, 2 மட்டும் செய்யுங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நித்திரையில்லாமல், சாப்பாடு இறங்காமல் நாட்கள் போகிறதென்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் எடுத்துக் கதைக்கலாம்.