தியரி டெஸ்ட் ஒரு மார்க்கில் போய்விட்டதா? அடுத்த முறைக்கு இப்படித் தயாராகுங்கள்

பிரிட்டனில் கார் லைசென்ஸுக்கான தியரி டெஸ்டில் 50 கேள்விகளுக்கு 43 சரியாக இருந்தால் பாஸ். 42 வாங்கியவரும் ஃபெயில், 20 வாங்கியவரும் ஃபெயில். ஒரு மார்க்கில் போனவருக்கு வயிற்றெரிச்சல் அதிகமாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் இந்த இரண்டு பேரும் அடுத்து செய்ய வேண்டிய வேலை ஒன்றல்ல. 20 வாங்கியவர் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். 42 வாங்கியவருக்குப் பெரும்பாலானது ஏற்கெனவே தெரியும். அவர் மறுபடி முதலிலிருந்து படித்தால், தெரிந்ததையே திரும்பப் படித்துக்கொண்டிருப்பார். விட்டுப்போன அந்தச் சில இடங்கள் அப்படியே இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்து அடைப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

இந்தியாவிலோ இலங்கையிலோ பல வருடம் வண்டி ஓட்டியவர்கள்தான் இந்தப் பரீட்சையில் நூலிழையில் கோட்டை விடுவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த ஊர் லைசென்ஸை வைத்து இங்கே குடியேறி 12 மாதம் வரை ஓட்டலாம். அதன்பின் ப்ரொவிஷனல் (கற்றுக்கொள்பவருக்கான லைசென்ஸ்) எடுத்து, தியரியும் ப்ராக்டிகலும் (சாலையில் ஓட்டிக் காட்டும் டெஸ்ட்) பாஸ் செய்தாக வேண்டும். அவர்களுக்காகவே ஒரு பகுதி கீழே இருக்கிறது. (இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு. வட அயர்லாந்தில் டெஸ்டை நடத்துவது வேறு அமைப்பு.)

படி 1: கடிதத்தை நிதானமாகப் படியுங்கள்

சென்டரில் கொடுக்கும் கடிதத்தைக் கோபத்தில் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தப் பகுதியில் போதிய மார்க் வரவில்லை என்று அதில் இருக்கும். டெஸ்டில் இரண்டு பாகங்கள். ஒன்று கேள்வி பதில், 50க்கு 43. மற்றொன்று ஹசார்ட் பெர்செப்ஷன், அதாவது வீடியோவில் ஆபத்தைக் கவனித்து க்ளிக் செய்வது, 75க்கு 44. ஒரே நாளில் இரண்டிலும் பாஸ் செய்ய வேண்டும். ஒன்றில் பாஸாகி மற்றொன்றில் போனாலும், அடுத்த முறை இரண்டையும் எழுத வேண்டியதுதான். அதனால் வீடியோவில் 60 வாங்கியிருந்தாலும் அதைத் தொடாமல் விட்டுவிடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு நாள் கொஞ்ச நேரம் பயிற்சி இருந்தால் போதும், கை மறக்காது.

படி 2: தேதியைப் போடுங்கள், ஆனால் நாளைக்கே வேண்டாம்

குறைந்தது 3 வேலை நாட்கள் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும். கட்டணம் 23 பவுண்ட், ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டும். நான் சொல்வது இரண்டு மூன்று வாரம் தள்ளி ஒரு தேதி. அடுத்த வாரமே போனால் அதே ஓட்டைகளோடுதான் போவீர்கள். இரண்டு மாதம் தள்ளிப் போட்டால் தெரிந்ததும் மறந்துவிடும்.

புக் செய்யும்போது அரசாங்கத்தின் கவ் டாட் யூகே (GOV.UK) தளத்திலேயே செய்யுங்கள். தேடினால் மேலே வரும் சில தளங்கள் இதே வேலைக்குக் கூடுதலாகப் பணம் வாங்குகின்றன. தேதியை மாற்றுவதாக இருந்தால் முழுதாக 3 வேலை நாட்களாவது முன்னால் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கட்டிய பணம் போய்விடும்.

படிப்பதில் சிரமம் உள்ளவர்கள் புக் செய்யும்போதே சொல்லிவிட்டால், கேள்விகளை ஹெட்ஃபோனில் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டும் வசதி கிடைக்கும். ஒரு காலத்தில் தமிழிலும் இந்தக் குரல் வசதி இருந்தது. 2014 ஏப்ரலோடு வெளிநாட்டு மொழிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆங்கிலமும் வெல்ஷும்தான். "தமிழில் எழுதலாமாமே" என்று யாராவது சொன்னால் அது பழைய கதை.

படி 3: தப்புகளைப் பிரித்துப் போடுங்கள்

என்னைக் கேட்டால் இந்த ஒரு படிதான் 42ஐ 47 ஆக்கும். பலர் செய்வது, ஃபோனில் மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) மேல் மாக் டெஸ்ட் போட்டு, மார்க்கைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவது. இருபது மாக் போட்டதும் அந்தக் கேள்விகளின் முகம் பழகிவிடும். 50க்கு 49 வரும். ஆனால் டெஸ்டில் கேட்கும் அசல் கேள்விகளை 2012இலிருந்து வெளியிடுவதே இல்லை. அதே விஷயத்தை வேறு வார்த்தையில் கேட்பார்கள், பழகிய முகம் அங்கே இருக்காது.

ஒரு நோட்டை எடுங்கள். மூன்று மாக் டெஸ்ட் மட்டும், நேரம் வைத்து, இடையில் எதையும் பார்க்காமல் எழுதுங்கள். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: விஷயம் என்ன, ஏன் தப்பானது. காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

தெரியாது. உதாரணமாக, டயரின் வரிப்பள்ளங்களின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று படித்ததே இல்லை. இது சுலபம், படித்தால் சரியாகிவிடும்.

அவசரம். "எதைச் செய்யக் கூடாது" என்று கேட்டிருப்பார்கள், நீங்கள் செய்ய வேண்டியதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். இதற்குப் புத்தகம் உதவாது. கேள்வியைப் படித்ததும் விடைகளைப் பார்க்காமல் பதிலை மனதுக்குள் சொல்லிவிட்டு, பிறகு அது எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். 57 நிமிடம் இருக்கிறது, ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்கு மேலேயே வருகிறது. அவசரப்படத் தேவையே இல்லை.

பழக்கம். ஊரில் ஓட்டிய கையும் கண்ணும் சொல்லும் பதில். இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் தப்பு செய்யும்போது நூறு சதவீதம் சரி என்றே தோன்றும்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் சின்னச் சாலையிலிருந்து பெரிய சாலைக்கு வரக் காத்திருக்கிறீர்கள். பெரிய சாலையில் வரும் கார் உங்களைப் பார்த்து லைட் அடிக்கிறது. என்ன செய்வீர்கள்? ஊரில் ஓட்டியவர் "அவர் நிற்க மாட்டார், நான் நிற்க வேண்டும்" என்று புரிந்துகொள்வார். இங்கே சில காலம் இருந்தவர் "வழி விடுகிறார், போகலாம்" என்பார். ஹைவே கோட், அதாவது இங்கே சாலை விதிகளைச் சொல்லும் அரசாங்கப் புத்தகம், சொல்வது இரண்டும் அல்ல. லைட் அடிப்பதற்கு "நான் இங்கே இருக்கிறேன்" என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. அதை வழிவிடும் சைகையாக எடுத்துக்கொள்ளாமல், நீங்களே பார்த்துப் பாதுகாப்பு என்று தெரிந்தால்தான் நகர வேண்டும்.

ஹாரனும் அப்படித்தான். ஆபத்தை எச்சரிக்க மட்டும். குடியிருப்புகள் உள்ள இடத்தில் ஓடும் வண்டியிலிருந்துகூட இரவு 11:30 முதல் காலை 7 வரை அடிக்கக் கூடாது. மஞ்சள் விளக்கு வந்தால் வேகமெடுத்துத் தாண்டுவதல்ல, நிற்பது. கோட்டைத் தாண்டிவிட்டிருந்தாலோ, திடீரென்று நின்றால் விபத்தாகும் என்ற அளவுக்குக் கிட்டே வந்துவிட்டிருந்தாலோதான் போகலாம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தாலும் நிற்க வேண்டும், பச்சை வரும்வரை. அப்புறம் நடப்பவர்கள் விஷயம். 2022 ஜனவரி 29 முதல் விதி மாறியிருக்கிறது: நீங்கள் திரும்பப் போகும் தெருவைக் கடக்க ஒருவர் ஓரத்தில் காத்திருந்தாலே அவருக்கு வழிவிட வேண்டும். பழைய புத்தகத்தை யாரிடமாவது வாங்கிப் படிக்கிறவர்கள் இந்த மாதிரி இடங்களில்தான் மாட்டுகிறார்கள். ஹைவே கோட் முழுவதும் ஆன்லைனில் இலவசமாக இருக்கிறது, புதிய விதிகளோடு. அதைப் படியுங்கள்.

படி 4: எண்களை மனப்பாடம் செய்யாமல் கணக்காகப் போடுங்கள்

பிரேக் பிடித்து வண்டி நிற்கும் தூரம் அடிக்கடி கேட்கப்படும் விஷயம். மீட்டரில் படித்தால் நினைவில் நிற்காது. அடியில் கணக்குப் போடுங்கள். 20 மைல் வேகத்தை 2ஆல் பெருக்கினால் 40 அடி. 30ஐ இரண்டரையால், 75. 40ஐ 3ஆல், 120. 50ஐ மூன்றரையால், 175. 60ஐ 4ஆல், 240. 70ஐ நாலரையால், 315. ஒவ்வொரு பத்து மைலுக்கும் பெருக்கும் எண் அரை கூடுகிறது, அவ்வளவுதான். இதையே மீட்டரில் சொன்னால் 12, 23, 36, 53, 73, 96. இதில் மூளை உணர்ந்து கால் பிரேக்குக்குப் போகும்வரை வண்டி ஓடும் தூரமும் அடக்கம். அந்தத் தூரம் எத்தனை மைல் வேகமோ அத்தனை அடி. ஈரச் சாலையில் முழுத் தூரமும் இரட்டிப்பாகலாம், பனி உறைந்த சாலையில் பத்து மடங்கு வரை போகலாம்.

முன்னால் போகும் வண்டிக்கு 2 விநாடி இடைவெளி, மழையில் 4. வேக வரம்பு நடுத்தடுப்பு இல்லாத சாதாரணச் சாலையில் 60 மைல், நடுத்தடுப்பால் இரண்டாகப் பிரிந்த சாலையிலும் மோட்டார்வேயிலும் 70. தெருவிளக்கு உள்ள இடங்களில் வேறு போர்டு இல்லாவிட்டால் 30, வேல்ஸில் மட்டும் 2023 செப்டம்பரிலிருந்து 20.

சாலைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படிக்க உட்காராதீர்கள். வட்டம் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, செவ்வகம் தகவல். சிவப்பு வளையம் பெரும்பாலும் "கூடாது", நீல வட்டம் பெரும்பாலும் "இதைச் செய்". முதலில் வடிவத்தைப் பார்த்தாலே நான்கு விடைகளில் இரண்டு கழிந்துவிடும். மோட்டார்வேயில் தரையில் பதித்து, வெளிச்சம் பட்டால் மின்னும் குமிழ்களில் இடது ஓரம் சிவப்பு, வலது ஓரத்தில் நடுத்தடுப்பை ஒட்டி ஆம்பர், பாதைகளுக்கு நடுவே வெள்ளை, உள்ளே வெளியே போகும் இடத்தில் பச்சை.

படி 5: ஹசார்ட் பெர்செப்ஷன்

14 வீடியோக்கள். ஒவ்வொன்றிலும் வளர்ந்துவரும் ஆபத்து ஒன்று, ஒரே ஒரு வீடியோவில் மட்டும் இரண்டு. ஆக 15 ஆபத்து, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5 மார்க். எவ்வளவு சீக்கிரம் க்ளிக் செய்கிறீர்களோ அவ்வளவு மார்க்.

இதில் அனுபவசாலிகள் தோற்கும் விதத்தைப் பாருங்கள். திரையில் ஒரு தெரு, இடது பக்கம் வரிசையாக நிறுத்திய கார்கள். தூரத்தில் நடைபாதையில் ஒரு பையன் நடந்து வருகிறான். பல வருடம் ஓட்டியவர் உடனே க்ளிக் செய்துவிடுவார். அவர் கவனித்தது சரிதான், ஆனால் கம்ப்யூட்டர் மார்க் கொடுக்கும் நேரம் இன்னும் தொடங்கவில்லை. பையன் நடைபாதையில் நடக்கும்வரை அவன் ஆபத்து ஆகலாம் என்ற நிலையில்தான் இருக்கிறான். இரண்டு கார்களுக்கு இடையே திரும்பி, சாலை விளிம்புக்கு வந்து கால் வைக்கப் போகும் நொடியில்தான் அது வளர்ந்துவரும் ஆபத்தாகிறது, ஏனென்றால் இப்போதுதான் நீங்கள் வேகத்தையோ திசையையோ மாற்ற வேண்டியிருக்கிறது. முதலில் க்ளிக் செய்தவர் "செய்தாகிவிட்டதே" என்று சும்மா இருந்தால் அந்த வீடியோவுக்கு 0.

அதனால் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: சந்தேகம் வந்ததும் ஒரு க்ளிக், அது உண்மையிலேயே உருவாகத் தொடங்கியதும் இன்னொரு க்ளிக். தப்பான இடத்தில் க்ளிக் செய்தால் மார்க் குறையாது. ஆனால் டக்டக்கென்று விடாமல் அழுத்தினாலோ, ஒரே தாளத்தில் அழுத்தினாலோ ஏமாற்று என்று கருதி அந்த வீடியோவுக்கு மார்க்கே கொடுக்காது. க்ளிக் பதிவானதற்கு அடையாளமாகக் கீழே ஒரு சிவப்புக் கொடி வரும். வீடியோக்களைத் திரும்பப் பார்க்க முடியாது.

பயிற்சிக்கு வீடியோ மட்டும் போதாது. பஸ்ஸில் முன்சீட்டிலோ, வீட்டில் யாராவது ஓட்டும்போது பக்கத்திலோ உட்கார்ந்து, "இப்போது பிரேக்" என்று தோன்றும் நொடியில் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். ஓட்டுநர் எப்போது காலை எடுக்கிறார் என்று ஒப்பிடுங்கள்.

படி 6: டெஸ்ட் நாள்

ப்ரொவிஷனல் கார்டு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், பணமும் போகும். முந்தின இரவே பையில் வைத்துவிடுங்கள். ஃபோன், வாட்ச் எல்லாம் லாக்கருக்குள் போகும்.

கேள்விப் பகுதியில் சந்தேகமானதைக் கொடி போட்டு வைத்துவிட்டு மேலே போகலாம், கடைசியில் திரும்பி வரலாம். தப்புக்கு மார்க் கழிப்பதில்லை, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள். திரும்பிப் பார்க்கும்போது விடையை மாற்றத் தோன்றினால், காரணம் சொல்ல முடிந்தால் மட்டும் மாற்றுங்கள். கேள்வியைத் தப்பாகப் படித்தது தெரிந்தால் மாற்றுங்கள். வெறும் பயத்தில் மாற்றாதீர்கள். 50இல் மூன்று கேள்விகள் ஒரு குட்டி வீடியோவை வைத்து வரும். சத்தம் இருக்காது, வேண்டிய மட்டும் திரும்பப் பார்க்கலாம். கேள்வியை முதலில் படித்துவிட்டு வீடியோவைப் பாருங்கள்.

முடிந்ததும் 3 நிமிட இடைவேளை தருவார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணை மூடி உட்காருங்கள். படிப்பதும் பார்ப்பதும் வேறு வேறு வேலை.

பாஸானால் கடிதத்தில் ஒரு சான்றிதழ் எண் இருக்கும். அது இரண்டு வருடம் செல்லும், அதற்குள் ப்ராக்டிகல் பாஸ் செய்யாவிட்டால் தியரியை மறுபடி எழுத வேண்டும். பல ஊர்களில் ப்ராக்டிகலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சொல்லிக்கொடுப்பவரிடம் பேசி, முடிந்தால் அந்த வாரத்திலேயே தேதி போட்டுவிடுங்கள்.