விரலில் மாட்டிய தோல்

"வீட்டுல ஓடுற பல்லி போதாதா? காசு கொடுத்து வேற வாங்கணுமாடா?" என்றார் அம்மா. நியாயம்தான், எங்கள் வேளச்சேரி வீட்டில் டியூப்லைட்டுக்கு ஒன்று இருக்கிறது. ஆனால் நான் வாங்கிய லெப்பர்டு கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லி சுவரேறாது, பாதத்தில் ஒட்டும் பட்டை கிடையாது. இமை உண்டு, கண்சிமிட்டும். வால் பருமனாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். கொழுப்பை அங்கேதான் சேமிக்கும்.

மே மாதம் சிக்கல் வந்தது. இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் அதன் தொட்டி. உடம்பு வெளுத்து, தோலை உரித்து, வழக்கம்போல் அதையே தின்றது. முன்னங்கால் விரல் இரண்டில் மட்டும் உரியாத தோல், நூல் சுற்றியதுபோல் வெள்ளை வளையமாக. அப்படியே விட்டால் இறுகி, ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும். தோல் முழுதாக உரிய ஈரப்பதம் வேண்டும்; கடலோர ஊரில் அதற்கு என்ன பஞ்சம் என்று இருந்துவிட்டேன். ஏசி அதை உறிஞ்சும் என்று தோன்றவே இல்லை.

பிய்த்து இழுக்கவில்லை. பாதம் மட்டும் நனையும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் நிறுத்தி, ஈரமான பட்ஸால் நுனிப்பக்கமாக மெல்ல உருட்டினேன். ஒன்று கழன்றது. மற்றது மறுநாள்தான்.

பிறகு ஒரு பழைய டிபன் டப்பாவின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத் தென்னைநார்த்தூள் நிரப்பித் தொட்டிக்குள் வைத்தேன். ஏசி காற்று நேராகப் படாத மூலைக்குத் தொட்டி போனது. சூடு தரும் விரிப்பான ஹீட் மேட்டுக்கு, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போட்டு அந்தப் பக்கம் 32 டிகிரி. கையோடு மணலையும் அள்ளிவிட்டு டிஷ்யூ விரித்தேன். மணலை இரையோடு விழுங்கினால் குடல் அடைக்கும்.

அடுத்த முறை தோல் வெளுத்ததும் அதுவே டப்பாவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அம்மாதான் இன்னும் தன் டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்.