ஒரே வாணலியில் ஹக்காவும் செஷ்வானும்

வீட்டில் ஒருவர் ஹக்கா நூடுல்ஸ் கேட்டு இன்னொருவர் செஷ்வான் கேட்டால் தனித்தனியாகச் செய்ய வேண்டாம். மொத்தத்தையும் ஹக்காவாகவே வதக்கி, பாதியைத் தட்டில் எடுத்துவிட்டு, மீதியை வாணலியின் ஓரமாகத் தள்ளி, நடுவில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு ஸ்பூன் செஷ்வான் சாஸை அரை நிமிஷம் வதக்கிப் பிரட்டினால் போதும்.

தள்ளுவண்டிக் கடையிலும் இரண்டுக்கும் அடிப்படை கிட்டத்தட்ட ஒன்றுதான்: வேகவைத்த நூடுல்ஸ், கோஸ், கேரட், குடைமிளகாய், வெங்காயத்தாள், சோயா சாஸ், வினிகர், பெரிய தீ. செஷ்வானில் கூடுதலாக வருவது காய்ந்த மிளகாய், பூண்டு, இஞ்சி சேர்த்து எண்ணெயில் வதக்கிய அந்தச் சிவப்பு சாஸ் (நாக்கை மரத்துப்போக வைக்கும் சிச்சுவான் மிளகு நம்ம ஊர் சாஸில் பெரும்பாலும் இருக்காது, அதைத் தேடி அலைய வேண்டாம்). வரிசையை மட்டும் மாற்றாதீர்கள், செஷ்வானை முதலில் செய்தால் வாணலியில் ஒட்டிய காரமும் நிறமும் ஹக்காவுக்கு ஏறிவிடும். அப்புறம் உப்பு: பாட்டில் சாஸில் ஏற்கெனவே உப்பும் புளிப்பும் இருக்கும், அதனால் முதலில் சோயா சாஸைக் கொஞ்சம் குறைத்தே ஊற்றுங்கள், ஹக்கா தட்டுக்குப் பத்தவில்லை என்றால் மேலே தெளித்துக்கொள்ளலாம்.

நாலைந்து பேருக்கு மேல் என்றால் இது சரிவராது. வீட்டு அடுப்பின் தீ அவ்வளவு நூடுல்ஸுக்குத் தாங்காது, வாணலி சூடு இறங்கி, காய் தண்ணீர் விட்டு, எல்லாம் குழைந்து ஒட்டிக்கொள்ளும். மசாலா பாக்கெட்டோடு வரும் இரண்டு நிமிஷ நூடுல்ஸுக்கும் இது ஒத்துவராது, இரண்டாவது பிரட்டலிலேயே அது உடைந்துவிடும்.